ரேடியோவுக்குள் இருந்த இரண்டு தலைமுறை

நேயர்களுக்கு வணக்கம். கணினியின் தலைமுறைகளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். உங்களில் வயதானவர்கள் முதல் இரண்டு தலைமுறைகளையும் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். கணினியாக அல்ல, ரேடியோவாக.

எங்கள் வீட்டு வால்வு ரேடியோ குமிழைத் திருகியதும் பாடிவிடாது. பின்பக்க அட்டையின் ஓட்டைகள் வழியே எட்டிப் பார்த்தால், வால்வு என்ற கண்ணாடிக் குழாய்களுக்குள் கம்பி மெல்லச் சிவப்பது தெரியும். அது சூடாகி, கொஞ்சம் கரகரத்து, அப்புறம்தான் குரல் வரும். அதற்குள் தலைப்புச் செய்தி முடிந்திருக்கும்.

அந்த மாதிரி வால்வுகள் சுமார் 18,000 சேர்ந்ததுதான் எனியாக் என்ற முதல் தலைமுறைக் கணினி. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கட்டி, 1946 பிப்ரவரியில் உலகுக்குக் காட்டினார்கள். எடை 30 டன். பீரங்கிக் குண்டு எங்கே போய் விழும் என்று கணக்குப் போடத்தான் அமெரிக்க ராணுவம் அதற்குப் பணம் கொடுத்தது. வால்வுகள் பெரும்பாலும் சூடேறும்போதும் ஆறும்போதும்தான் கெட்டன. பழைய குண்டு பல்புகூட ஸ்விட்சைப் போடும் நேரத்தில்தானே பியூஸ் போகும்? அதனால் எனியாக்கை முடிந்தவரை அணைக்காமலே வைத்திருந்தார்கள்.

அதற்கு முதலில் நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். நிரல் என்றால் தட்டச்சு செய்வதில்லை. கணக்கு மாறினால் ஒயர்களைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகி, சுவிட்சுகளைத் திருப்பி வைக்க வேண்டும். சில சமயம் நாள்கணக்கில் ஆகும். அந்த ஆறு பேருக்கும் உரிய பாராட்டு கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், இரண்டாம் தலைமுறைக்கு அடிப்படையான டிரான்சிஸ்டர் பிறந்தது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வின் வேலையைச் சூடேறக் காத்திருக்காமல் செய்தது. நம் ஊரில் அந்தப் பெயர் ரேடியோவுக்கே ஒட்டிக்கொண்டது. "டிரான்சிஸ்டரை எடுத்து வா" என்றால் வேறெதைக் கொண்டுவருவார்கள்?

தலைமுறைகள் எல்லா ஊரிலும் ஒரே நாளில் மாறவில்லை. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் தாங்களே உருவாக்கிய டிஃப்ராக், 1960ல் வேலை செய்யத் தொடங்கியபோது அது வால்வு கணினி. அமெரிக்காவிலோ டிரான்சிஸ்டர் கணினிகள் விற்பனைக்கே வந்துவிட்டன. அங்கே மகன் நடை பழக, இங்கே அப்பா பிறக்கிறார்! ஆனாலும் கற்றுக்கொண்டே கட்டியது அது. எனக்கு அதன்மேல் தனி மரியாதை உண்டு.

ஆயிரக்கணக்கான டிரான்சிஸ்டர்களைப் பற்றவைத்து இணைப்பது பெரும்பாடு. ஓர் இணைப்பு விட்டால் எல்லாம் போச்சு. 1958ல் ஜாக் கில்பி என்ற அமெரிக்கப் பொறியாளர், பாகங்களைத் தனித்தனியாக இணைக்காமல் ஒரே குறைக்கடத்தித் துண்டில் செய்து காட்டினார். மூன்றாம் தலைமுறைக்கு அதுதான் வித்து. நான்காவது, ஒரு ஜப்பானியக் கால்குலேட்டர் நிறுவனம் கொடுத்த ஆர்டரில் தொடங்கியது. 1971ல் வந்த இன்டெல் 4004, கணினியின் மூளையை ஒரே சில்லில் அடக்கிய நுண்செயலி; அந்தச் சில்லு சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. உள்ளே 2,300 டிரான்சிஸ்டர்கள்.

ஐந்தாம் தலைமுறை செயற்கை நுண்ணறிவு என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. எனக்கு அது ஒப்பவில்லை. நான்கு தலைமுறைகளை உள்ளே இருக்கும் பொருளை வைத்துப் பிரித்துவிட்டு, ஐந்தாவதை மட்டும் செய்யும் வேலையை வைத்துப் பிரித்தால் எப்படி? இதை நீங்கள் கைப்பேசியில் கேட்டுக்கொண்டிருந்தால், அதற்குள் இருப்பதும் டிரான்சிஸ்டர்தான், நூற்றுக்கணக்கான கோடி. வணக்கம்.