பின்னேரம் யார் கையில்?

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் தலவாக்கலையில் ஒரு நாடகப் பயிற்சி முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளை ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். "மிஸ், எனக்கு நடிக்கணும். ஆனா வீட்டுக்கும் காசு குடுக்கணும். என்னா வேலைக்கு மிஸ் போறது?" என்று கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பதில் எனக்கே திருப்தியாக இல்லை. விட்டுப்போனதை இன்றைக்கு ஒலிவாங்கிக்கு முன்னால் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். அவளைப் போன்ற பிள்ளைகள் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம் இருக்கிறார்கள்.

முதலில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மஸ்கெலியாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்தில் அவன் மனைவி ரதியின் வேஷம் கட்டியவர். மாசி அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றிவிட்டால் கூத்தாடும் காமன் பொட்டலில் இரவிரவாகத் தப்புச் சத்தம் கேட்கும். விடிந்தால் அதே அப்பா, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் கவ்வாத்துக் கத்தியோடு நிற்பார். தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்து, வடிகால் தோண்டும் கான் வெட்டு எல்லாம் ஆண்களுக்கு அளந்து கொடுக்கிற வேலை. கைவேகம் உள்ளவர் ஒரு மணி, இரண்டு மணிக்கே முடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். பின்னேரம் ஒரு தூக்கம் போட்டால் இரவுக் கூத்துக்கு உடம்பு தயார்.

அம்மாவுக்கு அந்தப் பின்னேரம் கிடையாது. கடைசிக் கொழுந்தைத் தராசில் நிறுத்து முடிய ஐந்து மணியாகும். அதற்குப் பிறகு விறகு, தண்ணீர், அடுப்பு. ரதியின் புலம்பல் பாட்டு முழுவதும் அம்மாவுக்கு மனப்பாடம், அடுப்படியில் பாடுவார். பொட்டலில் பாடியவர் அப்பா. பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டுவது வழக்கம் என்று சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் அந்த வழக்கத்துக்குள்ளே ஒரு நேரக் கணக்கும் ஒளிந்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பின்னேரம் யாருக்குக் கிடைத்ததோ அவர் வேஷம் கட்டினார்.

அதனால் வேலை தேடும் பிள்ளையிடம் நான் சம்பளத்தைப் பிறகுதான் கேட்பேன். உன் பின்னேரம் யார் கையில் இருக்கப் போகிறது? அதுதான் முதல் கேள்வி.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம். இருபது வயதில் கொழும்புக்குப் போய், புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தேன். நடிப்பென்றால் கொழும்புதான் என்று நினைத்திருந்த காலம். ஒரு நாடகக் குழுவில் சின்னப் பாத்திரம் கிடைத்தது. மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒத்திகைக்குப் போனேன். மேடையேற்றம் தீபாவளிக்கு முந்திய கிழமை என்று முடிவானது. கடையில் அந்தக் கிழமை யாருக்கும் லீவு இல்லை. எனக்காகத் தைத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு வேறொரு பெண் மேடையில் நின்ற நேரத்தில், நான் கடையில் சேலை விரித்துக் காட்டிக்கொண்டு நின்றேன். இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது.

ஊருக்குத் திரும்பித் தையல் பழகினேன். நாளைக்கு ஒத்திகை என்றால் இன்றைக்கு இரவு கூட இருந்து தைத்துவிடலாம். தீபாவளிக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் தலைக்கு மேல் வேலை இருக்கும், மற்ற மாதங்களில் மூச்சு விடலாம். போகப் போக, தமிழ்மொழித் தினப் போட்டி நாடகங்களுக்கு உடுப்புக் கேட்டுப் பாடசாலைகள் வரத் தொடங்கின. தையல் மெஷினே என்னை நாடகத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தது. தைக்கத் தெரிந்தும் கையில் சான்றிதழ் இல்லாதவர்கள், செய்த வேலையைக் காட்டித் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ., எடுக்க வழி இருக்கிறது. அழகுக்கலை பழகிய பிள்ளைகளுக்கும் அப்படித்தான். கல்யாண வீட்டில் மணப்பெண்ணுக்குப் போடும் அதே கை மேடை ஒப்பனைக்கும் வரும்.

சீசன் வேலை நடிக்கிறவர்களுக்கு நல்லது. எப்போது முடியும் என்பது சேரும்போதே தெரியும். சிவனொளிபாதமலைக்கு டிசம்பர் பௌர்ணமிப் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரை கூட்டம் வரும், மலையடிவாரத்து நல்லதண்ணிக் கடைகளுக்கு ஆள் வேண்டும். ஆனால் அது இரவு வேலை, மாசிக் கூத்தும் அதே காலத்தில் வரும். கூத்தில் வேஷம் உள்ள பிள்ளை அதை விட்டுவிட்டு நுவரெலியாவுக்குப் போகலாம். ஏப்ரலில் அங்கே மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம் என்று ஊரே நிரம்பும், ஹோட்டல்களுக்குக் கை போதாது.

சுற்றுலா வழிகாட்டி வேலையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லப் போகிறேன், அதில் எனக்கு ஆசை அதிகம். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். நாடு முழுவதற்கும் ஒன்று, ஒரு பிரதேசத்துக்கு ஒன்று, ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு ஒன்று என்று வகைகள் உண்டு. முன்பின் தெரியாத இருபது பேரை உங்கள் குரலால் ஒரு மணித்தியாலம் கட்டி வைத்திருப்பது நடிகருக்குப் பயிற்சியல்லாமல் வேறென்ன? 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார் என்பதை எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் கரையேறிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்த நம்முடைய ஆட்களை, வழியில் விழுந்து போனவர்களை, யார் சொல்வது? அந்தக் கதையை நம் வீட்டுப் பிள்ளை ஒருத்தி நேராக நின்று சொல்ல வேண்டும்.

குரல் நன்றாக இருப்பவர்களைக் கோயில் திருவிழாவுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் அறிவிப்பாளராகக் கூப்பிடுவார்கள். கடை விளம்பரம், லொத்தர் விற்பவருக்கான அறிவிப்பு மாதிரி வேலைகளை வீட்டிலேயே பதிவு செய்து கொடுக்கலாம். உடுப்பு தொங்கும் அலுமாரியைத் திறந்து, அதற்குள் முகத்தை வைத்துப் பேசினால் எதிரொலி அடங்கிவிடும், ஃபோனே போதும். தனியார் பஸ் கொண்டக்டர் வேலைக்குப் போக நினைக்கும் தம்பிமாருக்கு மட்டும் ஒரு வார்த்தை. அன்றன்றைக்குக் காசு வரும், மனிதர்களையும் பார்க்கலாம். ஆனால் மலைக் குளிரில் காலை ஐந்து மணியிலிருந்து "ஹட்டன், ஹட்டன்" என்று கத்தினால் குரல்வளை புண்ணாகிவிடும். நல்ல குரலுள்ள ஒரு பையனுக்கு அப்படி ஆனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

டியூஷன் கொடுக்கிறவர்கள் நாடகமும் அரங்கியலும் பாடத்தை மறந்துவிடாதீர்கள். சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் இருக்கிற பாடம், சொல்லிக் கொடுக்க நம் பக்கத்தில் ஆள் குறைவு. சனி, ஞாயிறை ஒத்திகைக்கு வைத்துக்கொண்டு, கிழமை நாளில் இரண்டு பின்னேரங்களை மட்டும் கொடுங்கள்.

படப்பிடிப்பு வேறு மாதிரி. சிங்களத் தொலைநாடகக்காரர்கள் நம் மலைகளுக்கு வந்து எடுக்கிறார்கள். இரவு எட்டு மணிக்கு ஃபோன் கோல் வரும், விடிய ஆறு மணிக்கு நிற்கச் சொல்வார்கள். அதற்கு ஒரு மாற்றாள் வேண்டும். உங்களைப் போலவே நேரத் தேவை உள்ள இன்னொருவரோடு ஒரு வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் காலை, அவர் பின்னேரம். அவசரத்துக்கு மாறி மாறி நிற்கலாம். இதை வேலைக்குச் சேரும் அன்றே முதலாளியிடம் சொல்லிவிட வேண்டும். மறைத்து வைத்தால் மேடையேற்றத்துக்கு முதல் நாள்தான் சண்டை வரும். சிங்களமும் பேசப் பழகுங்கள், அந்தக் கோலை எடுத்துப் பதில் சொல்ல வேண்டுமே.

இன்னொன்று, பிள்ளைகளே. தற்காலிக வேலைதானே என்று ஊழியர் சேமலாப நிதியை, அதாவது ஈ.பி.எஃப்.ஐ, விட்டுவிடாதீர்கள். ஒரு முதலாளியிடம் சம்பளத்துக்கு நிற்கிறவர் தற்காலிகமானாலும் ஈ.பி.எஃப். உண்டு. உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதி, ஈ.டி.எஃப்., 3 வீதம், அது முழுக்க முதலாளி கட்ட வேண்டியது. தோட்டத்தில் நம் அம்மாமார் இந்தக் கணக்கை விரல் நுனியில் வைத்திருப்பார்கள். டவுன் வேலைக்குப் போனதும் நாம் கேட்க வெட்கப்படுகிறோம். சம்பளத் துண்டைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

அந்தத் தலவாக்கலைப் பிள்ளை போன கிழமை கோல் எடுத்தாள். ஒரு பார்மசியில் காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை நிற்கிறாளாம், பின்னேரத்துக்கு அவளுடைய சிநேகிதி. வெள்ளிக்கிழமை ஒத்திகை எங்கள் வீட்டில், மூன்றரை மணிக்கு. அவள் மூன்று மணிக்கே வந்து குசினிக்குள் போய்விடுகிறாள். எண்பத்தொரு வயது அம்மா தேத்தண்ணிக்குக் கொதிக்க வைத்தபடி ரதியின் புலம்பலை வரி வரியாகப் பாடுகிறார். அவள் பின்னால் நின்று வாங்கிப் பாடுகிறாள். வருகிற மாசியில் அதைப் பொட்டலில் பாடப் போகிறாள். முன்வரிசையில் அம்மாவுக்கு ஒரு கதிரை போடச் சொல்லியிருக்கிறேன்.

வணக்கம்.