கருவடிக்குப்பத்து ஆசானும் ஔவை சண்முகமும்

(புதுச்சேரியில் சங்கரதாஸ் சுவாமிகள் நினைவு நாள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, நாடகக் கலைஞர்களே, காலாப்பட்டிலிருந்து வந்திருக்கும் மாணவர்களே, கடலூர்ப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

1922 நவம்பர் 13 அன்று நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் இந்த ஊரில் காலமானார். பக்கவாதம் தாக்கிப் பேச்சு இழந்திருந்த நிலையிலும் சிறுவர்களே நடிக்கும் தம் பாலர் சபையோடுதான் இருந்தார். சபை அப்போது புதுச்சேரியில் முகாம் போட்டிருந்தது. கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்தார்கள். அந்தச் சபையில் பத்து வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவர்தான் பின்னாளில் நாம் ஔவை சண்முகம் என்று சொல்லும் டி.கே. சண்முகம். சுவாமிகளைப் பற்றிப் பேச இன்று வேறு அறிஞர்கள் இருக்கிறார்கள். அவரிடம் பயின்ற ஒரு பிள்ளையின் கதையை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பிள்ளையின் குரலும் போனது, காலமும் மாறியது. அப்படியிருந்தும் ஐம்பது ஆண்டுக்கு மேல் எப்படி நடிகராகவே நிலைத்தார் என்பதுதான் என் பேச்சு.

சண்முகம் 1912 ஏப்ரல் 26இல் பிறந்தவர். தந்தை கண்ணுசாமிப் பிள்ளை, பெண் வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட் நடிகர். சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி என்று நான்கு சகோதரர்கள். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கியபோது இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் அதில் சேர்ந்தார்கள். சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது.

ஏன் பாலர் சபை? பெரிய நடிகர்கள் சுவாமிகளின் பாட்டை வெட்டுவார்கள், சொந்த வசனத்தைச் சேர்ப்பார்கள், கைதட்டலுக்காக ஒரே பாட்டை இழுத்துக்கொண்டே போவார்கள். எழுதியது எழுதியபடி மேடையில் நிற்க வேண்டுமானால் பிள்ளைகளைப் பழக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். வாத்தியார் ஓர் அடி சொல்வார், பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். அடி மனத்தில் தங்கிய பிறகு ஆர்மோனியத்தோடு சேர்த்துப் பாடுவார்கள். தன் பாடத்தோடு எதிரில் நிற்பவனின் பாடமும் தெரிந்திருக்க வேண்டும். கதாநாயகனாக வரும் ராஜபார்ட் பையனுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே இன்னொருவன் வேஷம் கட்டியாக வேண்டுமே! ஸ்பெஷல் நாடகத்தில் மதுரைக்காரரும் புதுக்கோட்டைக்காரரும் ஒத்திகையே இல்லாமல் ஒரே மேடையில் விடிய விடிய நடிக்கிறார்களே, அதற்கும் இதுதான் அடிப்படை. இருவர் நெஞ்சிலும் சுவாமிகளின் ஒரே பாடம் இருக்கிறது.

சண்முகத்துக்காக 'அபிமன்யு சுந்தரி'யைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று சண்முகமே தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகள் கொண்ட நாடகம் அது. ஒரு சிறுவனின் குரலுக்கு எந்தச் சொல் எடுக்கும், எந்தச் சந்தத்தில் மூச்சு நிற்கும் என்று அறிந்த ஆசானால்தான் அப்படி எழுத முடியும்.

இப்போது அந்தக் குரலுக்கு வருகிறேன். மாணவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். மைக் இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசைக்கும் பாட்டு கேட்க வேண்டும். பாலர்கள் நாலரை, ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் பாடினார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில் மகரக்கட்டு உடையும். குரல்நாண் நீண்டு தடிக்கிறது, குரல் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. பழைய கட்டையிலேயே பாடு என்று அந்த நேரத்தில் பிள்ளையை நெருக்கினால் நிரந்தரமான கரகரப்புதான் மிஞ்சும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: சுருதியைக் கீழே இறக்கி, உரக்கப் பாடுவதை நிறுத்தி, குரல் நிலைப்படும்வரை பல மாதங்கள் பேச்சுப் பயிற்சி மட்டும் கொடுப்பது. தினம் நாடகம் போட்டுத் தினம் வசூல் பார்க்க வேண்டிய கம்பெனிக்கு அந்தப் பொறுமை எங்கே இருக்கும்? எத்தனையோ பால நட்சத்திரங்கள் மகரக்கட்டோடு காணாமல் போனார்கள்.

சகோதரர்கள் 1925இல் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையைச் சொந்தமாகத் தொடங்கியபோது சண்முகம் சரியாக அந்த வயதில்தான் இருந்தார். அந்தக் காலகட்டத்தில் அவர்களுக்கு ஆசிரியராக வாய்த்தவர் எம். கந்தசாமி முதலியார். நடிகர் எம்.கே. ராதாவின் தந்தை. நாவல்களை மேடைக்குக் கொண்டுவந்தவர். புராணப் பாட்டு நாடகத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, வீட்டில் பேசுவது போல வசனம் பேசக் கற்றுக்கொடுத்தார். எதிரில் இருப்பவர் பேசும்போது அதைக் கேட்கிற முகமும் நடிப்புதான் என்று சொல்லித்தந்தார். பாட்டு கைவிடும் வயதில் வசனம் கை கொடுத்தது. சண்முகத்தின் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய திருப்பம் எனக்குத் தெரியவில்லை. சிலர் அவர் பின்னாளில் போட்ட ஔவையார் வேஷத்தைச் சொல்வார்கள். நான் இதைத்தான் சொல்வேன்.

இந்த வசனப் பழக்கம்தான் அவர்களைச் சினிமாவுக்கும் தயார் செய்தது. மேடையில் ஆடிய 'மேனகா' 1935இல் ராஜா சாண்டோ இயக்கத்தில் படமாக வந்தது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் அதில் உண்டு. அந்தக் காலத்துப் பேசும் படத்தில் பின்னணிப் பாட்டு வழக்கத்துக்கு வரவில்லை. நடிப்பவரே கேமரா முன் நின்று பாட வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் படத்தில் விழாத இடத்தில் உட்கார்ந்து வாசிப்பார்கள். பாட்டின் கடைசி அடியில் ஒருவர் பிசகினாலும் முதலிலிருந்து திரும்ப எடுக்க வேண்டும். மைக் எட்டும் தூரத்தை விட்டு நகரவும் கூடாது.

மேடைக்காரர் இங்கே சறுக்கும் இடங்கள் மூன்று. கடைசி வரிசைக்கு வீசுகிற குரலை மைக் முன் வீசினால் ஒலி பிளந்துவிடும். கியாஸ் விளக்குக்காகக் கனமாகப் பூசும் முத்துவெள்ளையும் தடித்த புருவக் கோடும் குளோசப்பில் முகமூடி போல ஆகிவிடும். மூன்றாவது கண். மேடையில் பார்வையைக் கூட்டத்தின் தலைக்கு மேலே தூக்கி வைக்கச் சொல்வார்கள். கேமராவில் அது எங்கோ வெறிப்பதாகத் தெரியும். இவை உடம்பில் ஊறிய பழக்கங்கள், சொன்னவுடன் போகாது.

சண்முகம் சினிமாவுக்குப் போனாரே தவிர, மேடையை விட்டுவிடவில்லை. 1942இல் 'ஔவையார்' நாடகம். முப்பது வயது ஆண், கிழவி வேஷம். அந்தப் பெயரே அவரோடு ஒட்டிக்கொண்டது. இந்த வேஷத்தை இன்று எடுக்க நினைப்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்கிறேன். கூன் என்றதும் எல்லோரும் முதுகின் மேல்பாகத்தை வளைப்பார்கள். விலா எலும்பு மடங்கி, மூச்சுக்கு இடமில்லாமல் போகும். அரை மணி நேரத்தில் குரல் அடைக்கும். முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, இடுப்பிலிருந்து சாய வேண்டும். நெஞ்சும் கழுத்தும் திறந்திருக்க வேண்டும். ஊன்றுகோலில் உண்மையாகவே எடையைப் போட வேண்டும், அப்போதுதான் நடை தானாக முதிரும். குரலைக் கீச்சாக்கக் கூடாது. கீச்சுக்குரல் சிரிப்பை வரவழைக்கும், தொண்டையையும் கெடுக்கும். சொந்தக் குரலிலேயே வேகத்தைக் குறைத்து, மெய்யெழுத்துகளை அழுத்தினால் வயது தெரியும்.

அடுத்தது ஔவை சொல்லும் வெண்பா. நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடியின் கடைசியில் தனிச்சொல் வரும். பல நடிகர்கள் அதை இரண்டாம் அடியோடு சேர்த்து விழுங்கிவிட்டு, மூன்றாம் அடியின் நடுவில் மூச்சுக்குத் திணறுவார்கள். தனிச்சொல்லுக்கு முன்னால் மூச்சு எடுங்கள். தனிச்சொல்லைத் தனியே நிறுத்திச் சொல்லுங்கள். பொருள் அங்கிருந்துதான் அடுத்த இரண்டடிக்குள் பாயும். ஈற்றடி மூன்றே சீர், அவசரப்பட வேண்டியதில்லை. சுவாமிகளிடம் அடி அடியாகப் பாடம் கேட்ட பிள்ளைக்கு இது ஆறு வயதிலேயே பழகிய விஷயம். பிற்காலத்தில் ஔவையாகப் பேசியபோது அந்தப் பயிற்சி துணை நின்றிருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

1961இல் 'கப்பலோட்டிய தமிழ'னில் சுப்பிரமணிய சிவாவாக வந்தார். சிவாஜி கணேசன் வ.உ.சி. ஒருவர் இன்னொருவரை அமுக்கப் பார்க்காமல், அவரவர் பேசும்போது மற்றவர் கேட்கிறார்கள். படம் கிடைத்தால் அவர்கள் சேர்ந்து வரும் இடங்களைச் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு தடவை பாருங்கள். கந்தசாமி முதலியார் கற்றுக்கொடுத்த கேட்கும் முகம் தெரியும்.

சகோதரர்களின் சபையில் வளர்ந்து சினிமாவுக்கு வந்தவர்களைச் சொல்லத் தொடங்கினால் நேரம் போதாது. எஸ்.வி. சகஸ்ரநாமம், கே.ஆர். ராமசாமி, எஸ்.எஸ். ராஜேந்திரன், ஏ.பி. நாகராஜன். சிறுவன் கமல்ஹாசனும் சண்முகத்திடம் பயின்றவர்தான். சண்முகம் 1944இல் ஈரோட்டில் நாடகக் கலை மாநாடு நடத்தியதும், பத்மஸ்ரீ பெற்றதும் உங்களுக்குத் தெரிந்ததே. 1972இல் வாழ்க்கை வரலாறு நூலாக வந்தது. 1973 பிப்ரவரி 15இல் மறைந்தார். சுவாமிகள் எப்படிப் பாடம் சொன்னார், இங்கே எப்படிக் கடைசி நாட்களைக் கழித்தார் என்று நாம் இன்று பேச முடிவதில் பெரும்பங்கு அந்த நூலுடையது. அதை நான் பெரிய நன்றியோடு சொல்கிறேன்.

அடுத்து, அபிமன்யு பாட்டுகளில் சிலவற்றை நம் கலைஞர்கள் பாடப்போகிறார்கள். கால் ஆர்மோனியமும் மிருதங்கமும் தயாராக இருக்கின்றன. பாடுகிற தம்பிக்கு வயது பன்னிரண்டு, ஐந்து கட்டை கேட்டான். நாலரை போதும் என்று வாத்தியார் குறைத்துவிட்டார், சரியான முடிவு. மைக்கை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். பின்னால் நிற்பவர்கள் முன்னே வந்து உட்காருங்கள், ஃபேனையும் கொஞ்சம் அணைத்துவிடுங்கள்.