ஒரே வரில மனுஷனைப் பிடிக்கிறது எப்படி?

[திரையில்: "ஞாபகசக்தி போதலன்னு எல்லாரும் குறைபட்டுக்கிறாங்க. புத்தி போதலன்னு யாரும் குறைபட்டுக்கிறதில்ல."]

படிச்சதும் சிரிப்பு வந்துச்சா? கூடவே லேசா சுருக்குன்னுச்சா? அந்த ரெண்டும் ஒண்ணா எப்படி நடக்குதுன்னு பாப்போம்.

எழுதினவர் லா ரோஷ்ஃபூக்கோ, பிரான்ஸ்ல ஒரு பிரபு. உள்நாட்டுச் சண்டையில 1652ல முகத்துல குண்டடி பட்டு பார்வையே போற நிலைமைக்குப் போனவரு. அப்புறம் பாரிஸ்ல நண்பர்கள்கூட உக்காந்து பேசி, எழுதி, கடிதத்துல அனுப்பிக் கருத்து கேட்டு, திரும்பத் திருத்தின்னு வருஷக்கணக்கா இதே வேலைதான். இந்த மாதிரி வரிகளைத் தொகுத்த அவரோட புத்தகத்துக்கு 1665ல முதல் பதிப்பு, 1678ல அஞ்சாவது பதிப்பு, அதுல மொத்தம் 504 வரி.

[முதல் வரி மறுபடி, ரெண்டு பாதியா]

ரெண்டு பாதிலயும் ஒரே வினைச்சொல் பாருங்க. "மறந்துட்டேன்பா"ன்னு சொல்றதுல யாருக்கும் வெக்கம் இல்ல, அதனால முதல் பாதிக்கு நாமளே தலையாட்டிடுறோம், ஆட்டி முடிக்கிறதுக்குள்ள ரெண்டாவது பாதி வந்து நிக்குது, இனிமே தலையை எங்க திருப்புறது? இதையே அறிவுரையா சொல்லியிருந்தா பக்கத்து வீட்டுக்காரனுக்குன்னு தள்ளி விட்டிருப்போம்.

[திரையில்: "நம்ம நல்ல குணங்கள் பெரும்பாலும் மாறுவேஷம் போட்ட கெட்ட குணங்கள்தான்."]

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த "பெரும்பாலும்". அதை எடுத்துட்டுப் படிங்க. மனுஷன் மேல வெறுப்பைக் கொட்டுற ஒரு வசவா மாறிடுது. அது இருக்கிறதாலதான் நம்மள நாமளே சோதிச்சுப் பாக்கத் தோணுது, சில நேரமாவது நிஜமா நல்லவனா இருந்திருக்கோமான்னு. நேர்மை அந்த ஒரு வார்த்தையிலதான் இருக்கு, ஷேர் பண்றவங்க முதல்ல வெட்டுறதும் அதைத்தான், அது எனக்கு நிஜமாவே வருத்தம்.

இதே மாதிரி ஒத்தை வரி மத்தவங்களும் எழுதியிருக்காங்க. புத்தகம் பத்தி லிக்டென்பெர்க், ஜெர்மனியில கோட்டிங்கன்ல இயற்பியல் பேராசிரியர், கேள்வியாவே கேட்டாரு: புத்தகமும் தலையும் மோதி வெத்துச் சத்தம் கேட்டா, அது எப்பவும் புத்தகத்தோட சத்தம்தானா? தனக்குன்னு நோட்டுல கிறுக்கி வச்சது இது, 1799ல அவர் இறந்தப்புறம்தான் வெளிய வந்துச்சு.

மதம்னு வந்தா பாஸ்கல், பிரெஞ்சு கணித மேதை. மனசாட்சிப்படி சரின்னு நம்பிச் செய்யும்போதுதான் மனுஷன் தீமையை முழுசா, சந்தோஷமா செய்றான்னு எழுதினாரு. எழுதினவரு ஆழ்ந்த பக்தர், வெளிய நின்னு கல்லெறிஞ்சவர் இல்ல, அதான் அந்த வரிக்கு இவ்வளவு கனம்.

லா ரோஷ்ஃபூக்கோகிட்ட இன்னொண்ணு. முதல் பதிப்போட முதல் உருப்படி நம்ம மேல நமக்கே இருக்கிற பாசம் பத்தி, பக்கக்கணக்குல நீளம், அருமையான எழுத்து. 1666ல அடுத்த பதிப்பு வந்தப்போ அதை மொத்தமா எடுத்துட்டாரு.