ஐம்பத்தேழு கண்ணி

(களியக்காவிளைக்கு அருகிலுள்ள ஒரு சபையில், பெண்கள் ஐக்கிய சங்கத்தார் நோயாளிகளுக்காக ஜெபத்தோடு பின்னிய ஜெபச் சால்வைகளைப் படைத்த ஆராதனைக்குப் பின் ஆற்றிய உரை.)

அன்பான தாய்மார்களே, சகோதரிகளே,

புழுங்கி வேர்க்கும் நம் விளவங்கோட்டு நாட்டில் சால்வை எதற்கு என்று நம் சபையிலேயே கேட்டவர்கள் உண்டு. அதற்கான விடையை நான் திருவனந்தபுரத்தில், புற்றுநோய்ச் சிகிச்சைக்கு என் மாமியாரை அழைத்துச் சென்ற நாட்களில் கண்டேன். வெளியே வெயில் கொளுத்தும்; ஏசி அறைக்குள் மணிக்கணக்காகக் கீமோ மருந்து சொட்டுச் சொட்டாக ஏறும்போது உடம்பு நடுங்கும். ஸ்வெட்டர் போடலாமென்றால் ட்ரிப் ஏறும் கையை அதற்குள் நுழைக்க முடியாது. சால்வையையோ ஊசியை அசைக்காமலே தோளில் போர்த்தலாம், எடுக்கலாம்.

ஆனால் நான் அவருக்குப் பின்னிக் கொடுத்தது தவறான சால்வை. கடையில் என் கண்ணைக் கவர்ந்த தடித்த கம்பளி நூலை வாங்கி, இரவு பகலாகப் பின்னி, பெருமையோடு போர்த்திவிட்டேன். “நல்லா இருக்கு மக்களே” என்றுதான் சொன்னார். மறுநாள் அவர் கழுத்தோரம் சிவந்து தடித்திருந்தது. சால்வை நான்காக மடிக்கப்பட்டுத் தலையணைக்கு அடியில் இருந்தது. தோளில் கிடந்தது அவருடைய பழைய நூல்சேலை. கீமோ எடுப்பவரின் தோல் வறண்டு, சிறு உராய்வையும் தாங்காததாகிவிடும் என்பதை நான் யாரிடமும் கேட்கவில்லை. அதனால்தான் இந்தச் சங்கத்தில் மென்மையான பருத்தி நூல்தான் வேண்டும் என்றும், பின்னி முடித்ததைத் துவைத்து வெயிலில் உலர்த்திய பிறகே கொடுக்க வேண்டும் என்றும், நூல் வாங்குவதற்கு முன்பே பெறுபவரிடம் கேட்க வேண்டும் என்றும் நான் இத்தனை பிடிவாதமாக நிற்கிறேன்.

ஜெபச் சால்வை என்னும் இந்த ஊழியம், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்டு இறையியல் கல்லூரியின் பெண்கள் தலைமைப் பயிற்சியில் பயின்ற ஜேனட் பிரிஸ்டோ, விக்டோரியா கேலோ ஆகிய இருவரால் 1998இல் தொடங்கப்பட்டது. அவர்கள் வகுத்த முறைதான் நம் கையிலும் இருக்கிறது: ஊசியில் 57 கண்ணி, அதாவது நூல் வளையம், ஏற்றி, மூன்று நிட் (மழமழப்பாக விழும் கண்ணி), மூன்று பர்ல் (புடைப்பாக விழும் கண்ணி) என்று மாறிமாறிப் பின்ன வேண்டும். 57 என்பது பத்தொன்பது மூன்றுகள். பத்தொன்பது ஒற்றைப்படை எண்ணாதலால் ஒவ்வொரு வரியும் நிட்டில் தொடங்கி நிட்டிலேயே முடியும். துணியைத் திருப்பும்போது நிட் விழுந்த இடம் மறுபுறத்தில் பர்லாகத் தோன்றும். அதன்மேல் மீண்டும் நிட் விழுவதால் இருபுறமும் ஒரே புடைப்பு அமையும், ஓரம் சுருளாது, உள்புறம் வெளிப்புறம் என்ற பேதம் இராது. அந்த மூன்றைப் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று எண்ணிப் பின்னுகிறவர்கள் நம்மில் உண்டு. நோயாளியின் பெயரையே மூன்று முறை சொல்லுகிறவர்களும் உண்டு. எப்படி எண்ணினாலும், வரி பர்லில் முடிந்தால் எங்கோ கணக்குத் தவறியிருக்கிறது; தயங்காமல் பிரித்துவிட்டு மறுபடி பின்னுங்கள்.

கைவேலையால் ஊழியம் செய்வது நமக்குப் புதிதன்று. மிஷனரியான மார்த்தா மால்ட் அம்மையார் 1821இல் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை (லேஸ்) பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் 1855 வரை அடிமைமுறை இருந்தது. அந்நாளில் ரேந்தை விற்ற காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கிய பெண்கள் இந்த மண்ணில் இருந்தார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் என் கை சற்று நின்றுவிடுகிறது. வேதாகமத்தில் அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரத்தில் யோப்பா பட்டணத்துத் தொற்காள் இறந்தபோது, விதவைகள் அழுதுகொண்டு அவள் செய்துகொடுத்த உடைகளைப் பேதுருவுக்குக் காட்டினார்கள். அவள் பேசியதாக ஒரு சொல்லும் அங்கே எழுதப்படவில்லை.

ஆகவே சால்வையைக் கொடுக்கும்போது நீண்ட உபதேசம் வேண்டாம். பெறுபவர் கோவிலுக்குப் போகிறவராகவோ பள்ளிவாசலுக்குப் போகிறவராகவோ இருக்கலாம். “உங்களை நினைத்துப் பின்னினோம்” என்றால் போதும். வேண்டாமென்று அவர் சொன்னால் முகம் வாடாமல் திரும்பி வாருங்கள். சபையின் பெயரைத் தைத்த துணிப்பட்டியை ஓரத்தில் வைக்கலாம் என்று சிலர் விரும்பினீர்கள். எனக்கு அதில் சம்மதமில்லை, நோயாளியின் கழுத்தில் அது உறுத்தும்.

மேசையின் ஓரத்தில் இருக்கும் அந்த இளநீலச் சால்வை பாறசாலைப் பக்கத்துச் சகோதரி ஒருவருக்கு. வெள்ளிக்கிழமை அவருக்கு மூன்றாவது கீமோ. நிறம் அவரே சொன்னது. நூலையும் கன்னத்தில் வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். அதில் கண்ணிகளை அடைக்கும் கடைசி வரி மட்டும் மீதியிருக்கிறது. வீட்டுக்குப் புறப்படுமுன் ஆளுக்கு மூன்று கண்ணியாக அதை அடைத்துவிடுவோம். முன்வரிசையில் இருக்கும் பாட்டி முதலில் ஊசியை வாங்கிக்கொள்ளட்டும்.