ஃபைலில் கோளாறு இல்லை, போகும் வழியில் இருக்கிறது

எல்லோருக்கும் வணக்கம். நேற்று ராத்திரி ஒரு சின்ன இணையதளத்தை என் உபுண்டு லினக்ஸ் மெஷினில் ஏற்றினேன். ஃபைல்கள் எல்லாம் என் ஹோம் டைரக்டரிக்குள், ‘சைட்’ என்ற ஃபோல்டரில் இருக்கின்றன. என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் ஓடுகிறது. பிரவுசரில் திறந்தால் 403, அதாவது ‘பார்க்க அனுமதி இல்லை’. எரர் லாகில் ‘13: பர்மிஷன் டினைடு’.

ஃபைலை எல்எஸ் ஹைஃபன் எல் போட்டுப் பார்த்தேன். எழுத்துகளாக வரும் அனுமதியை எண்ணில் சொன்னால் 644; உரிமையாளர், குழு, மற்றவர்கள் என்று ஆளுக்கு ஒரு இலக்கம். அதாவது யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அப்புறம் ஏன் முடியாது என்கிறது?

இந்த இடத்தில்தான் பலர் சிஎச்மோட் 777, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும், போட்டுவிடுகிறார்கள், அதுவும் மொத்த ஹோமுக்கும். தயவுசெய்து வேண்டாம். ஹோமில் யாரும் எழுதலாம் என்று ஆகிவிட்டால், தொலைவிலிருந்து உள்நுழைய விடும் எஸ்எஸ்எச் சர்வர் உங்கள் கீயை ஏற்காது. தொலைவில் இருக்கும் மெஷின் என்றால் அடுத்த முறை கீயை வைத்து உள்ளே போக முடியாது.

சரி, நடப்பது என்ன? அனுமதிகளில் எக்ஸ் என்று ஒன்று உண்டு; டைரக்டரிக்கு எக்ஸ் என்றால் ‘இதைக் கடந்து உள்ளே போகலாம்’ என்று அர்த்தம். ஒரு ஃபைலைத் திறக்கும்போது சிஸ்டத்தின் மையமான கெர்னல், ரூட் என்ற உச்சி டைரக்டரியில் தொடங்கி, வழியில் வரும் ஒவ்வொரு டைரக்டரியிலும் அந்த எக்ஸ் இருக்கிறதா என்று பார்க்கும். ஒன்றில் இல்லையென்றாலும் அங்கேயே நிறுத்திவிடும். ஆனால் எந்த டைரக்டரியில் நின்றது என்று சொல்லாது. செய்தியில் வருவது நாம் கேட்ட முழு வழி மட்டும்தான். அதனால் நாம் கடைசி ஃபைலையே நோண்டிக்கொண்டிருப்போம்.

இதற்கு அருமையான கட்டளை ஒன்று உண்டு: நேம்ஐ. என், ஏ, எம், இ, ஐ. கூட ஹைஃபன் எல், பிறகு ஃபைலின் முழு வழி. ஒவ்வொரு படியின் அனுமதியும் உரிமையாளர் பெயரும் வரிசையாக வந்துவிடும். எனக்கு என் ஹோமுக்கு நேரே 750 என்று தெரிந்தது. உரிமையாளரும் இல்லை, குழுவிலும் இல்லை என்றால் பூஜ்யம், எந்த அனுமதியும் கிடையாது. என்ஜின்எக்ஸ் ஓடுவது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற யூசராக. அதற்கு வழியே இல்லை.

உபுண்டு 21.04 முதல் புது ஹோம்கள் இப்படி 750ஆகத்தான் உருவாகின்றன. அதற்கு முன் 755, மற்றவர்களும் கடந்து போகலாம். பழைய குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

இன்னொன்று, இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். ரூட் என்ற அட்மின் யூசராக இருந்து சோதிக்காதீர்கள், ரூட்டுக்கு இந்தத் தடைகள் பெரும்பாலும் பொருந்தாது. சூடோ ஹைஃபன் யு போட்டு, டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவாகவே அந்த ஃபைலை ‘கேட்’ கட்டளையால் படித்துப் பாருங்கள். உண்மை அப்போதுதான் தெரியும்.

எல்லாப் படியும் சரியாக இருந்தும் மறுத்தால்? ஃபெடோரா மாதிரி இடங்களில் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கைப் பாருங்கள், எல்எஸ் ஹைஃபன் பெரிய இசட். செய்தி ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ என்று வந்தால் அது வேறு எரர்; எல்எஸ்அட்டர் போட்டு, ஃபைல் மாற்றமுடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

என் சிக்கலுக்கு வருவோம். செட்எஃப்ஏசிஎல் கட்டளை வைத்து டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற அந்த ஒரு யூசருக்கு மட்டும் ஹோமில் எக்ஸ் கொடுக்கலாம், அதுவும் வேலை செய்யும். ஆனால் என் சொந்த ஃபைல்கள் இருக்கும் இடத்தில் வெப் சர்வருக்கு என்ன வேலை? சைட் ஃபோல்டரை, இணையதளங்கள் வைக்கும் ‘வார் டபிள்யூடபிள்யூடபிள்யூ’ டைரக்டரிக்கு மாற்றினேன், என்ஜின்எக்ஸ் கான்ஃபிகில் புது வழியைக் கொடுத்து ரீலோட் செய்தேன். பக்கம் வந்துவிட்டது. ஹோம் இப்போதும் 750தான்.