ஒரே பெயரில் விற்கும் இரண்டு பட்டைகள்

அவையோர் அனைவர்க்கும் வணக்கம். நம் கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் ‘பட்டை’ என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது, ஒற்றை அடுக்காகத் தடித்து, ஒடிக்கப் போனால் முரண்டு பிடிக்கும் கேசியாப் பட்டை. கூடுதல் விலை கொடுத்தால், காகிதம் போன்ற மெல்லிய அடுக்குகள் ஒன்றனுள் ஒன்றாகச் சுருண்டு, விரலால் அழுத்தினாலே நொறுங்கும் இலங்கைச் சுருள் பட்டை கிடைக்கும். இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த வெவ்வேறு மரங்களிலிருந்து உரித்தவை.

இரண்டுக்கும் மணம் தருவது சின்னமால்டிஹைடு என்னும் சேர்மம். பிரெஞ்சு வேதியியலாளர்களான துய்மாவும் பெலிகோவும் 1834-இல் அதைப் பட்டை எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்தனர். ஃபினைல் அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து மரம் அதைப் படிப்படியாக ஆக்கிக்கொள்கிறது. காற்றுப் பட்டால் அது மெல்ல சின்னமிக் அமிலமாக மாறும். திறந்த டப்பாவில் கிடந்த பொடி மணம் குன்றுவதற்கு, எண்ணெய் ஆவியாவதோடு இதுவும் ஒரு காரணம். இலங்கை மரத்தில் எனக்கு வியப்பளிப்பது வேறொன்று: பட்டையின் எண்ணெயில் சின்னமால்டிஹைடு மிகுந்திருக்க, இலையின் எண்ணெயில் கிராம்புக்குரிய யூஜினாலும், வேர்ப்பட்டையின் எண்ணெயில் கற்பூரமும் மேலோங்கி நிற்கின்றன.

இரு பட்டைகளையும் பிரித்துக் காட்டுவது கூமரின் என்னும் மற்றொரு சேர்மம். சுருள் பட்டையில் அது பெயரளவுக்கே உண்டு. கேசியாவிலோ, மாதிரிக்கு மாதிரி பெரிதும் மாறினாலும், ஒரு கிலோவுக்குச் சில கிராம் வரை இருக்கக்கூடும். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்பதே நாள்தோறும் உட்கொள்ளத் தக்க உச்ச அளவாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்தது. அப்படியானால் 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 மில்லிகிராம். கிலோவுக்கு 3 கிராம் கூமரின் உள்ள கேசியாப் பொடியில் 2 கிராம் சாப்பிட்டாலே அந்த அளவு எட்டிவிடும். பிரியாணிக்கு ஒரு துண்டு போடுகிறவர்கள் இதற்காகக் கலங்க வேண்டியதில்லை. சர்க்கரை குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் காலைதோறும் ஒரு கரண்டிப் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடிப்பவர்களே கவனிக்க வேண்டும். கூமரினைத் தாங்காத சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்படுகிறது. பெரும்பாலும் நிறுத்தினால் சரியாகிவிடும் என்றாலும், ஏற்கெனவே கல்லீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் தொடங்கக் கூடாது. பொடித்துவிட்டால் எந்தப் பட்டை என்று கண்ணால் அறிய வழியில்லை. ஆகையால் தினமும் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்பவர்கள், சுருளைக் கண்ணால் பார்த்து வாங்கி வீட்டிலேயே இடித்துக்கொள்ளலாம்.