ஜூரிகள் கேட்காத பாடம்

நேயர்களுக்கு வணக்கம். பரிணாமமா, படைப்பா என்ற பழைய வழக்கைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். அதற்கு வானொலி பொருத்தமான இடம்தான். 1925 ஜூலையில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் இந்தச் சண்டை நீதிமன்றப் படியேறியபோது, சிகாகோவின் டபிள்யூ.ஜி.என். வானொலி விசாரணையை நேரடியாக ஒலிபரப்பியது. அந்நாட்டில் ஒரு வழக்கு அப்படி ஒலிபரப்பானது அதுவே முதல் முறை. ஒலிவாங்கிகளுக்கு வசதியாக நீதிமன்ற இருக்கைகளையே மாற்றிப் போட்டார்கள்.

'குரங்கு வழக்கு' என்று பெயர் வாங்கிய அந்த விசாரணையை, அறிவியலும் மதமும் நேருக்கு நேர் மோதிய இடமாகவே சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. தீர்ப்புச் சொல்லத் தேர்ந்தெடுக்கப்பட்ட பொதுமக்களான ஜூரிகளின் காதில் அங்கே அறிவியல் விழவே இல்லை.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். பைபிள் கூறும் மனிதப் படைப்பை மறுத்து, மனிதன் கீழ்நிலை விலங்கிலிருந்து வந்தவன் என்று அரசுப் பள்ளியில் கற்பிப்பது குற்றம் என்றது டென்னசியின் பட்லர் சட்டம். மனிதனைப் பற்றி மட்டுமே அதற்குக் கவலை. மீனிலிருந்து தவளை வந்தது என்று ஆசிரியர் நாள் முழுக்கப் பாடம் நடத்தினாலும் யாரும் கேட்க முடியாது. முதல் உயிர் எப்படித் தோன்றியது என்ற கேள்வி அந்தச் சட்டத்தில் எங்குமே எழவில்லை. டார்வினின் கொள்கையும், இருக்கிற உயிரினங்கள் எப்படி மாறிக் கிளைத்தன என்பதைத்தான் விளக்குகிறது. முதல் உயிர் தனி ஆராய்ச்சி. இரண்டையும் குழப்பிக்கொண்டு சண்டை போடுகிறவர்கள் இன்றும் இரு தரப்பிலும் இருக்கிறார்கள்.

இந்தச் சட்டத்தைச் சோதித்துப் பார்க்க முன்வரும் ஆசிரியருக்கு உதவுவதாக குடிமக்களின் உரிமைகளுக்காகப் போராடும் ஒரு சங்கம் பத்திரிகையில் அறிவித்தது. டேட்டன் என்ற சிற்றூரின் பிரமுகர்கள் ராபின்சனின் மருந்துக் கடையில் கூடினார்கள். வழக்கு வந்தால் ஊருக்குப் பெயரும் நாலு காசும் வரும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. 24 வயது ஆசிரியர் ஜான் ஸ்கோப்ஸை வரவழைத்தார்கள். தன்மேல் வழக்குப் போட அவர் சம்மதித்தார். அவர் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர். உயிரியல் வகுப்பை இன்னொருவருக்குப் பதிலாகச் சில நாள் கவனித்துக்கொண்டவர், அவ்வளவுதான். ராபின்சனோ பள்ளி வாரியத் தலைவர். பரிணாமம் இருந்த பாடநூல் அவர் கடையிலேயே விற்பனைக்கு இருந்தது. அதைப் பரிந்துரைத்ததும் மாநில அரசுதான்!

அந்தப் பாடநூலில் ஒரு படம் உண்டு. ஒவ்வொரு விலங்கு வகைக்கும் ஒரு வட்டம். இனங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வட்டம் பெரிதாகவோ சிறிதாகவோ இருக்கும். பூச்சிகளுக்குப் பெரிய வட்டம். பாலூட்டிகளுக்கு 3,500 இனங்கள் கொண்ட சின்ன வட்டம். அரசுத் தரப்பில் வாதாட வந்த வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், மூன்று முறை குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றவர், அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டார். மற்ற 3,499 பாலூட்டிகளோடு மனிதனையும் இந்த வளையத்துக்குள் அடைத்துவிட்டார்களே என்று கேலி செய்தார். கூட்டம் சிரித்தது.

பிரையனைப் பிற்போக்குவாதி என்று ஒதுக்கிவிடுவது எளிது. வலியது வாழும் என்ற பேச்சு போருக்கும் ஏழைகளை நசுக்குவதற்கும் சாக்காகிவிடும் என்று அவர் பயந்தார். பயத்தில் நியாயம் இருந்தது. அதே பாடநூல் மனிதரை ஐந்து இனங்களாகப் பிரித்து, வெள்ளையரை எல்லோருக்கும் மேலே வைத்தது. 'தகுதியற்றவர்கள்' பிள்ளை பெறக்கூடாது என்றும் போதித்தது. பரிணாமத்துக்கு விலங்குகளிடம் கிடைக்கும் சான்றுகளுக்கும் இந்தத் திமிருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் பிரையனின் கோபம் போய் விழுந்தது சான்றுகளின் மேல்.

ஸ்கோப்ஸுக்காக வாதாடிய கிளாரன்ஸ் டாரோ அறிவியலாளர்களை வரிசையாக அழைத்துவந்தார். விலங்கியலாளர் ஒருவரின் சாட்சியம் மட்டும் கேட்கப்பட்டது, அதுவும் ஜூரிகளை வெளியே அனுப்பிவிட்டு. பிறகு நிபுணர் சாட்சியமே தேவையில்லை என்று நீதிபதி ரால்ஸ்டன் முடித்துவிட்டார். வேறு வழியின்றி டாரோ பிரையனையே சாட்சிக் கூண்டுக்கு அழைத்தார். வெயில் தாங்காமல் விசாரணை புல்வெளிக்கு மாறியிருந்தது. படைப்பின் ஆறு நாட்கள் 24 மணி நேர நாட்களாக இருக்கவேண்டியதில்லை என்று பிரையனே ஒப்புக்கொண்டார். இதுவும் ஜூரிகளுக்குக் கேட்கவில்லை. அடுத்த நாள் நீதிமன்றக் குறிப்பிலிருந்தே நீக்கப்பட்டது.

மேல்முறையீடு செய்யும் நோக்கத்தில் குற்றவாளி என்றே தீர்ப்பளிக்கும்படி டாரோவே கேட்டுக்கொண்டார். ஒன்பது நிமிடத்தில் தீர்ப்பு. 100 டாலர் அபராதம். அடுத்த ஐந்தாம் நாள் டேட்டனிலேயே பிரையன் இறந்துபோனார். 1927-ல் மாநில உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்துசெய்தது. 50 டாலருக்கு மேற்பட்ட அபராதத்தை நீதிபதி விதிக்கக்கூடாது, ஜூரிகள்தான் விதிக்கவேண்டும் என்பது அதற்குச் சொன்ன காரணம். சட்டம் அசையவில்லை.

பத்திரிகைகளில் டாரோ ஜெயித்தார். வகுப்பறையில் நடந்தது வேறு. 1926-ல் அதே பாடநூலின் புதுப்பதிப்பு வந்தபோது, அதில் பரிணாமம் என்ற சொல்லையே எடுத்துவிட்டிருந்தார்கள். எந்த நீதிமன்றமும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. விற்பனை கெட்டுப்போகுமே என்ற பயம் போதுமானதாக இருந்தது. பட்லர் சட்டம் நீங்கியது 1967-ல். அதற்கு அடுத்த ஆண்டு, ஆர்கன்சாவின் இதே போன்ற சட்டம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் செல்லாததாயிற்று. வணக்கம்.